மடிப்புத் தாளில் இருந்த இயந்திரம்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் நூலகராக நான் பணியாற்றிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பௌர்ணமிக்குப் பத்து நாட்கள் இருந்த ஒரு காலையில், அடி அண்ணாமலையில் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பதைக் கடந்த வயது. கையில் ஒரு பழைய நோட்டு.

இருபது ஆண்டுகளுக்கு முன் அதே கல்லூரியில் படித்தவராம். அப்போது நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் அறிவியல் மாத இதழில், வெப்பக்காற்று எஞ்சினின் சிறிய மாதிரியைச் செய்யும் முறை இரண்டு பகுதிகளாக வெளிவந்திருக்கிறது. நீராவி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் சக்கரத்தைச் சுழற்றும். முதல் பகுதியைப் படத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டவர், இரண்டாம் பகுதி வருவதற்குள் படிப்பை நிறுத்திவிட்டார்.

“இணையத்தில் இல்லாததா?” என்று கேட்டேன்.

“யூடியூப்ல ஆயிரம் கெடக்குதுங்க மேடம். அதெல்லாம் வேற இன்ஜின். என்கிட்ட பாதி செஞ்சது இருக்குது, அதோட மீதிதான் எனக்கு வேணும். ரெண்டு சுத்து சுத்தி நின்னுடுது. உள்ள ஓடுற உருளைக்கும் சுத்தி இருக்கிற செவுத்துக்கும் நடுவுல கேப் ஜாஸ்தியா வெச்சிட்டேனா, கம்மியா வெச்சிட்டேனான்னே தெரியல.” சற்றுத் தயங்கி, “பௌர்ணமிக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக் கடைக்குன்னு வீட்ல சொல்லிட்டாங்க. கிரிவலத்துக்கு டிபன் கடை போடுறாங்க, அலமாரியில எடம் வேணுமாம்” என்றார்.

அந்த ஆண்டின் இதழ்களை ஒன்றாகக் கட்டிய தொகுதியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பகுதி இருந்தது. ஆனால் அளவு வரவேண்டிய இடங்களிலெல்லாம் ‘இணைப்பு வரைபடத்தைக் காண்க’ என்றே இருந்தது. அந்த வரைபடம் மடித்து ஒட்டப்பட்டிருந்த இடத்தில், கத்தியால் சீராக நறுக்கிய ஓரம் மட்டுமே எஞ்சியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தின் நுனியை மடிப்பவர்களைக்கூட மன்னிக்காதவள் நான். எங்களுக்கு எப்போதும் பைண்டிங் செய்து தருபவரின் வேலைதான் இது என்று முடிவு கட்டி, மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு அன்று மாலையே அவர் கடைக்குப் போனேன். தொகுதியை அவர் முன் விரித்து, “இப்படி வெட்டி எடுக்கலாமா?” என்றேன்.

பைண்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க எழுதிக் குடுத்த சீட்டுதான் மேடம். மடிப்புத் தாளு, விளம்பரம் எல்லாம் நீக்கவும்னு. கீழ கையெழுத்து வேற. அப்ப நீங்க வேலைக்குப் புதுசு. மடிப்பு இருந்தா கட்டு உப்பிக்கும், அலமாரியில நேரா நிக்காதுன்னு எனக்கே பாடம் நடத்தினீங்க!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சீட்டு நினைவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் என்னுடையவைதாம் என்பதில் ஐயமும் இல்லை. பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

“விடுங்க மேடம்” என்றார் அவர். “நான் மட்டும் என்னா, பாதியிலதான காலேஜ வுட்டேன்.”

“அதுக்குள்ள ஏன் துக்கம் விசாரிக்கிறீங்க?” என்றார் பைண்டர். “தூக்கிப் போட்டேன்னா சொன்னேன்? நல்ல கெட்டித் தாளு. அந்தக் கட்டுல வந்த புக்குங்களுக்கே அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி, மேல வெள்ளத்தாள் போட்டுட்டேன். எந்த புக்குன்னு கேட்டா மட்டும் எனக்குத் தெரியாது.”

அதைச் சொல்ல நூலகத்தின் பைண்டிங் பதிவேடு இருந்தது. அந்த முறை அனுப்பியவை பத்தொன்பது புத்தகங்கள். மறுநாள் முதல்வரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லி அனுமதி பெற்றேன். பைண்டர் காட்டிக் கொடுத்தபடி, அட்டையின் உள்பக்க வெள்ளைத் தாளின் மேல் ஈரத்துணியை வைத்துக் காத்திருந்து, விரல்நுனியால் மெல்ல உரித்தோம். மெக்கானிக் தினமும் மதிய வேளையில் வந்துவிடுவார். ஒவ்வொரு அட்டைக்குள்ளிருந்தும் ஏதோ ஒன்று வெளிப்பட்டது: சோப்பு விளம்பரம், சூரிய கிரகணப் படம், ஒரு மாதத்தின் நாட்காட்டி. தேடியது கிடைக்கவில்லை என்பதையே மறந்து, அடுத்த அட்டைக்குள் என்ன இருக்குமோ என்று நானும் சிறுமிபோல் காத்திருக்கத் தொடங்கினேன்.

பதினோராவது புத்தகத்தில், பசைக் கறையோடு, வரைபடத்தின் கீழ்ப்பாதி கிடைத்தது. மீதி எட்டுப் புத்தகங்களையும் உரித்த பிறகும் மேல்பாதி கிடைக்கவில்லை. ஆனால் உருளையின் அளவு கீழ்ப்பாதியில் இருந்தது. அவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடச்சே, கேப் கம்மி! செவுத்துல ஒரசிக்கினே இருந்திருக்குது.”

பௌர்ணமிக்கு முந்தைய நாள் பிற்பகல், உருளையைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி அவர் அழைத்ததன் பேரில் அடி அண்ணாமலைக்குப் போனேன். அவருடைய மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். “வாங்க மேடம். இவர் கூட சேந்து புக்கையெல்லாம் உரிச்சீங்களாமே!” என்று என்னையும் கேலியில் சேர்த்துக்கொண்டார்.

ஸ்பிரிட் விளக்கை எஞ்சினுக்கு அடியில் வைத்தார் மெக்கானிக். சில நிமிடங்கள் கழித்துச் சக்கரத்தை விரலால் தட்டினார். நின்றுவிட்டது. இன்னும் சற்றுச் சூடேறவிட்டு மறுபடி தட்டினார். சக்கரம் தயங்கி ஒரு சுற்று வந்தது, இன்னொன்று, பிறகு தையல் இயந்திரம்போல் மெல்லிய ஓசையுடன் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“சரி, அது அங்கியே இருக்கட்டும். டப்பாங்கள நான் வேற எங்கனா வெச்சிக்கிறேன்.”

அதன் பிறகு நான் ஓய்வுபெறும்வரை, எந்தத் தாளையாவது நீக்கச் சொல்லி எழுத நேர்ந்தபோதெல்லாம், அதில் பாதியை மட்டும் படித்துவிட்டு மீதிக்காக இருபது ஆண்டுகள் காத்திருக்கப்போகிறவர் எவரோ ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணம் என் பேனாவை நிறுத்திவைத்தது.