இரண்டாவது விசில்

நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவருக்குப் பயணிகள் வைத்த பெயர் ரவுண்டு. ஆள் ஒன்றும் குண்டு இல்லை, ஒல்லிக்குச்சிதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு டயருக்கும் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அதனால் வந்த பெயர். மொத்தம் இருபத்தாறு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிடம். ஒரு டிரிப் முடிவதற்குள் நாற்பது நிமிடம் தாமதமாகிவிடும். ஆபீஸுக்குப் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

“டயரை எவனும் கழட்டிட்டுப் போகலண்ணே, ஆறும் பத்திரமா இருக்கு” என்று ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்வான். பஸ்ஸே சிரிக்கும். டிரைவரும் கூடச் சிரித்துவிட்டு, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறுவார். ஏறிய பிறகு அவரைப் போல் ஓட்ட அந்த டிப்போவில் ஆள் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். குண்டும் குழியுமான ரோட்டில்கூட நின்றுகொண்டு வருகிறவன் கம்பியைப் பிடிக்காமல் செல்போன் பார்க்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் இப்படி இல்லை. அப்போது அவருடன் வேறு ஒரு கண்டக்டர் இருந்தார். பதினோரு வருடம் ஒரே வண்டி, ஒரே ஷிப்ட். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. “என்ன டிரைவரே”, “சொல்லு கண்டக்டரே”, அவ்வளவுதான். டிரைவரின் மனைவி இறந்தபோது அந்தக் கண்டக்டர் பத்து நாள் அவர் வீட்டிலேயே தங்கினார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டுக் கழுவினார், துணி காயப்போட்டார், பதினோராம் நாள் “ட்யூட்டிக்கு நேரமாச்சு, கிளம்பு” என்றார். பிள்ளை குட்டி இல்லாத டிரைவருக்கு அதன் பிறகு உறவு என்று சொல்ல அந்த ஒரு ஆள்தான்.

விசில் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. ஆனால் பதினோரு வருடம் ஒன்றாக ஓடியவர்களுக்குக் கணக்கெல்லாம் எதற்கு? முதல் விசிலிலேயே டிரைவரின் கால் பிரேக்கை விட்டுவிடும். இரண்டாவது விசில் வரும்போது வண்டி நகர்ந்திருக்கும். “நான் மூச்சை இழுக்கும்போதே இவன் எடுத்துடுவான்யா” என்று கண்டக்டர் டிப்போ முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டே கால், ஆஸ்பத்திரி நிறுத்தம். பின்படிக்கட்டு வழியாக ஒரு பெரியவர் இறங்கினார். கையில் ஆரஞ்சுப் பழம் வைத்திருந்த காகிதப் பை. பை கிழிந்து ஒரு பழம் வண்டிக்கு அடியில் உருண்டது. அதை எடுக்க அவர் குனிந்தார். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் டிரைவருக்குப் பிறகு தெரியும். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு விசில் கேட்டது, கால் தன் வழக்கப்படி பிரேக்கை விட்டது, வண்டி நான்கடி நகர்ந்தது, பின்னால் கூச்சல் எழுந்தது. இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தார். பார்த்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நாமும் அதை விட்டுவிடுவோம்.

இரண்டாவது விசில் வரவே இல்லை.

விசாரணையில் முதலில் கண்டக்டரைக் கேட்டார்கள். “ரெண்டு விசில் குடுத்தேன் சார். படிக்கட்டைப் பார்த்தேன், டயர் பக்கம் பார்க்கல. தப்பு என்னோடது” என்றார் அவர். அடுத்து டிரைவரைக் கேட்டார்கள், ரெண்டு விசில் கேட்டதா என்று. அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்” என்றார் டிரைவர்.

அந்த இரண்டு வார்த்தையோடு அவருடைய விசாரணை முடிந்துவிட்டது. கண்டக்டருக்கு வேலை போனது. டிரைவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். “உங்க மேல தப்பே இல்லண்ணே, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர் ஆட்களை விட்டு விலகிப் போனார். யாராவது ஒருவன் திட்டியிருந்தால் அவனோடு உட்கார்ந்து ஒரு டீயாவது குடித்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, அதனால் அதன் மேல் சட்டைகள் கிடக்கும். எதிர் வீட்டில் யாராவது கேட்டைத் தடாலென்று சாத்தினால் கை தன்னால் ஸ்டியரிங்கைத் தேடும். ஆரஞ்சு வாசனைக்குப் பயந்து மார்க்கெட் தெருவையே விட்டுவிட்டார். தூக்கம் வந்தாலும் பன்னிரண்டே கால் மணி கூடவே வந்துவிடும். டிப்போவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிக் கண்டக்டரின் வீடு. அந்தத் தெருவைத் தவிர்க்க அவர் தினமும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பஸ்ஸைச் சுற்றியது ஊருக்குத் தெரிந்தது, இது தெரியவில்லை.

புதுக் கண்டக்டர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், நல்ல மாதிரி. அவள் இரண்டு விசில் கொடுப்பாள். டிரைவரின் கால் பிரேக்கிலிருந்து வராது. இறங்கிச் சுற்றி வந்தால்தான் கால் அசையும். “நான் நல்லாப் பார்த்துட்டுத்தான் குடுக்கறேண்ணே” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். “தெரியும்மா, உன்னைச் சொல்லல” என்பார். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி இறங்குவார்.

புகார்கள் குவிந்தன. மேனேஜர் கூப்பிட்டார். “திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கறேன். அதுக்கப்புறமும் இப்படியே சுத்திட்டு இருந்தீங்கன்னா வண்டி குடுக்க முடியாது, ஸ்டோர் ரூம்லதான் உட்காரணும். அதுக்கு முன்னாடி டவுன்ல இருக்கற நம்ம மனநல டாக்டரம்மாவை ஒரு தடவை பாருங்க.” டிரைவர் சீட்டைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்தார். மாடியில் சின்ன அறை, ஓடாத மின்விசிறி. டாக்டர் அவசரப்படாமல் கேட்டார்.

“சுத்தி வந்தப்புறம் எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கு?”

“அடுத்த ஸ்டாப் வரைக்கும்மா.”

“விசில் கேட்டதும் உங்க உடம்பு அந்த மத்தியானத்துக்கே போயிடுது. இன்னிக்கு வேற நாள்னு அதுக்குத் தெரியல. இது பைத்தியம் இல்ல, கோழைத்தனமும் இல்ல. பெரிய விபத்துல மாட்டினவங்க நிறையப் பேருக்கு வர்றதுதான். பேசிப் பேசிச் சரி பண்ணலாம், தேவைப்பட்டா மருந்தும் இருக்கு. ஆனா நாளாகும். இப்ப அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க.”

சொன்னார். பெரியவர் வரைக்கும் வந்தார். விசில் கேட்டது என்றார்.

“எத்தனை?” என்று டாக்டர் சும்மாதான் கேட்டார், நோட்டில் எழுதிக்கொண்டே.

டிரைவர் எழுந்துவிட்டார். “டிரிப்புக்கு நேரமாச்சும்மா” என்று சொல்லிப் படியிறங்கினார். அன்று அவருக்கு டிரிப்பே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பாமல் நேராக நடந்தார். கண்டக்டரின் வீடு மெயின் ரோட்டைப் பார்த்த மாடி. கதவைத் திறந்தது கண்டக்டரின் மனைவி.

“வாங்கண்ணே. வழி தெரிஞ்சுதா?” என்றாள். இரண்டு வருடக் கோபத்தையும் அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

கண்டக்டர் மேஜையில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். ஏதோ கடைக்குச் செய்து கொடுக்கிற வேலை. ரோட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி, ஒரு பீரோவை நகர்த்தி அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். பட்டப்பகலில் லைட் எரிந்தது.

“பஸ் சத்தம் அவருக்கு ஆகறதில்ல” என்றாள் மனைவி, டீயை வைத்துக்கொண்டே. “பஸ்ல ஏறியே ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க போனாலும் நடைதான்.”

டிரைவருக்கு உட்காரவே கூசியது. தான் ஒருவன்தான் அந்த மத்தியானத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தார்.

“என்ன டிரைவரே” என்றார் கண்டக்டர். பழைய கிண்டல் இல்லை.

“என்ன கண்டக்டரே.”

டீ ஆறி ஆடை கட்டியது.

“வண்டியைச் சுத்தி வர்றியாமே” என்றார் கண்டக்டர் கடைசியில். “எதைத் தேடறே?”

டிரைவர் பீரோ மறைத்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். “ஒரு விசில்தான்யா கேட்டுச்சு.”

கண்டக்டர் பசை டப்பாவை நிதானமாக மூடினார். “எனக்குத் தெரியாதா? ஊதினவன் நான். பழம் உருண்டதைப் பார்த்தேன். அவர் குனியறதைப் பார்த்தேன். நில்லுன்னுதான் ஊதினேன். நீ எடுத்துட்டே.”

“அப்புறம் ஏன்யா ரெண்டுன்னு சொன்னே?”

“எனக்கு இவ இருக்கா. பொண்ணுங்க ரெண்டும் வாரம் தவறாம வந்து சண்டை போட்டுட்டுப் போகுதுங்க. உனக்கு அந்த ஸ்டியரிங்கை விட்டா யாரு இருக்கா?” கண்டக்டர் கையில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே பேசினார். “பெரிய தியாகம்னு நினைச்சுக்காதே. முதல் விசில்லயே எடுக்காதேன்னு பதினோரு வருஷத்துல ஒரு தடவை உன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பெருமையில்ல பேசிட்டுத் திரிஞ்சேன்.”

டிரைவர் மேஜையிலிருந்த ஒரு நோட்டை எடுத்து அட்டை ஓரத்தை அழுத்தித் தேய்த்தார்.

“வேலை போனதுகூட எனக்குப் பெரிசில்ல” என்றார் கண்டக்டர். “நீ வருவேன்னு பார்த்தேன். இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு இந்தக் கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். அதைத்தான்யா தாங்க முடியல.”

“வந்தா ஒத்துக்கணுமே” என்றார் டிரைவர். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். மனைவி இறந்தபோதும் இப்படி அழுததில்லை. கண்டக்டர் இந்த முறையும் ஆறுதல் சொல்லவில்லை. ஆறின டீயை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது டிரைவர் வாசலில் நின்றார். “நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன். உன் பொய்யும் வெளிய வரும்.”

“வரட்டும். அதை எத்தனை நாள்தான் கட்டிக் காப்பாத்தறது.”

திங்கட்கிழமை மேனேஜர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். “எதுக்குங்க இது? கேஸ் முடிஞ்சு போச்சு.”

“எனக்கு முடியல சார்.”

விசாரணை மறுபடி நடக்கும், இறந்தவரின் மகளுக்கும் ஒரு நகல் போகும், அந்தம்மா என்ன செய்வாரோ தெரியாது என்றார் மேனேஜர். போகட்டும் என்றார் டிரைவர். அவரிடமிருந்து அன்றே வண்டியை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டோர் ரூமில் போல்ட்டு நட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தார். வெளியே நாற்பத்தொன்று வேறு யாரோ கையில் கியர் உறுமிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அவருக்கு வலித்தது. ஆனாலும் அன்றிரவு மூன்று மணி நேரம் விழிக்காமல் தூங்கினார்.

வியாழக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும்; கண்டக்டரிடமும் அதைச் சொல்லியிருந்தார். அறையை விட்டு இறங்கினால் வாசலில் கண்டக்டர் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார்.

“நானும் வர்றேன். எனக்கும் டாக்டரம்மாகிட்ட கொஞ்சம் பேசணும்.”

“நடந்து போயிடலாமா?”

“இந்த வெயில்ல அஞ்சு கிலோமீட்டரா? பேசாம வா.”

வாய்தான் அப்படிச் சொன்னது. நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். மூன்றாவதாக நாற்பத்தொன்று வந்தது. கண்டக்டர் படிக்கட்டில் ஒரு கால் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பின்னால் நின்ற டிரைவர் முதுகில் கை கொடுத்தார். அவர்களைப் பார்த்ததும் அந்தப் பெண் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் பின்சீட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

பெண் விசிலை வாயில் வைத்தாள். பின்சீட்டில் டிரைவரின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்தியது. இறங்கிவிடலாமா என்று கதவைப் பார்த்தார். பக்கத்தில் கண்டக்டர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார்.

விசில் சத்தம் கேட்டது. வண்டி அசைந்தது.

கண்டக்டர் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் எடுத்து டிரைவரின் முழங்கால் மேல் வைத்தார்.

“ரெண்டுதான்யா” என்றார். “நான் எண்ணினேன்.”