சீழ் பிடிக்காத கீறல்

ரத்தம் பார்க்கும் தொழிலில் இருப்பவனுக்கு மைக்ராஸ்கோப்பில் தெரிகிற எதுவும் பயமில்லை. தெரிய வேண்டியது தெரியாமல் போனால்தான் பயம். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்ளும் சக பயந்தாங்கொள்ளிகளே, திருப்பதி லேபில் நான் பயந்த கதை இது.

விரல்

நகரியில் விசைத்தறி ஓட்டும் கஜேந்திரன் மனைவி செல்வியோடு வருவார். செல்விக்குப் புற்றுநோய். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் எங்களிடம்தான் ரத்தப் பரிசோதனை. ஒருநாள் கஜேந்திரன் தன் கட்டைவிரலையும் நீட்டினார். தறி கிழித்த காயத்துக்குத் தறிக்கு விடும் எண்ணெயையே தடவியிருந்தார், மகராசன். விரல் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

தெருநாயை வைத்து அவருக்கு விளக்கினேன். அசலூர்க்காரன் நுழைந்தால் நாய்க்குப் பேர் ஊர் தெரிய வேண்டாம், வாசனை போதும். கிருமியின் மேலுறையில் நம் உடம்பில் இல்லாத சரக்கு உண்டு; காவல் அணுக்கள் அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துக் கூப்பாடு போடும். வீக்கம் அதனால்தான். வெள்ளணுக்கள் ஓடிவந்து கிருமியை விழுங்கிக் கரைத்துவிட்டுத் தாங்களும் சாகும். அந்தக் குவியல்தான் சீழ். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவரோ விரலை மரியாதையோடு பார்த்தார்.

"அப்ப இத்த கழுவிடட்டுமா சார், வெச்சிக்கட்டுமா?"

மொட்டை

அடுத்த மருந்து ஏற்றிய பிறகு இருவரும் சிரித்த முகமாக வந்தார்கள். செல்வியின் தலை மொட்டை. "எப்பிடியும் கொட்டப் போற முடி, சாமிக்காவது போவட்டுமேன்னு குடுத்துட்டேன்" என்றார். காதுக்கு மேலே சவரக்கத்தி கீறிய கோடு. "ஜொரம்தான் அடிச்சிக்கினே கீது. ஆனா பாருங்க சார், சீழே புடிக்கல, வீங்கவும் இல்ல" என்று கஜேந்திரன் பெருமைப்பட்டார். நான் அவசரமாக ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எங்கும் சிவப்பணுக்கள்தான், விழுங்கும் வெள்ளணு ஒன்றைக்கூடக் காணோம். புற்றுக்கு ஏற்றிய மருந்து அவற்றையும் சேர்த்து அடித்திருந்தது. கிருமி உள்ளே வந்துவிட்டது, குரைக்க நாய் இல்லை. செல்வி பிழைக்க மாட்டார் என்றே நினைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். செல்வியிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"என்னா சார், ஊசி குத்திக்கினது நானு, நீங்க ரிப்போர்ட்ட தலகீழா நீட்றீங்க?"

போன்

கிருமியைக் கொல்ல மருந்து, வெள்ளணு வளர ஊசி என்று வைத்தியம் நடந்தது. தினமும் காலையில் செல்வியின் ரத்தம் லேபுக்கு வரும். ரத்தக் குப்பி வந்தால் என்ன காட்டுமோ என்று பயம்; வரத் தாமதமானால் அதைவிடப் பயம். நம்மில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். நானோ ரிப்போர்ட் எழுதுகிறவன், எனக்கும் அதே கதிதான்.

ஒருநாள் ஸ்லைடின் ஓரத்தில் இளம் வெள்ளணு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கும்போதே போன் அடித்தது. சீழ் வராததுதான் ஆபத்து என்று இதற்குள் தெரிந்துகொண்டிருந்த கஜேந்திரன் வார்டிலிருந்து கத்தினார்.

"சார், சீழு வந்துட்ச்சி சார்! அவ தலையில சீழு வந்துட்ச்சி!"

சீழ் வந்த சேதிக்கு ஜிலேபி வாங்கித் தின்றவர்கள் திருப்பதியில் எங்கள் லேபைத் தவிர வேறு எங்கும் இருக்க மாட்டார்கள்.