ஒரு சாண் பக்கத்தில்

இதை நம்புங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த மரத்தடியில் இருந்தவன் நான்தான்.

அருணாச்சலப் பிரதேசத்தில், எங்கள் ஊரை ஒட்டிய காட்டில், இருவாச்சிக் கூடுகளுக்குக் கேமரா பொருத்துவது எங்கள் வேலை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு மட்டும் விட்டிருக்கும். அதன் வழியே ஆண் பறவை ஊட்டினால்தான் உள்ளே தாயும் குஞ்சும் பிழைக்கும்.

மழை தொடங்கிய வாரம். என்னோடு வேலை செய்யும் தாபின், மரத்தின் மேலே ஏறிக் கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கீழே நின்று செல்போனில் படத்தைப் பார்த்தேன்.

"இடுக்கு சரியாத் தெரியல. இன்னும் ஒரு சாண் பக்கத்துல வைடா."

"வேணாம்ணே, ஆணு மிரண்டுடும். கீழ நின்னு ஆர்டர் போடுறியே, நீ ஏறிப் பாரேன். தொப்பை விடுதான்னு பாப்போம்!"

"என் தொப்பைய விடு. ஒரு சாண்தானே?"

சிரித்துக்கொண்டே நகர்ந்து கட்டினான். கால் வைத்த கிளை ஈரமாக இருந்தது...

மறுநாள் அவனைப் புதைத்தோம். அவன் மனைவி யாலம் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் கிளைக்கு அவராவா போனாரு?"

நான் குனிந்து குழிமேட்டு மண்ணைத் தட்டினேன்.

தாபின் சொன்னதுதான் நடந்தது. ஆண் பறவை எதிர் மரத்தில் வந்து உட்காரும். கேமராவைப் பார்க்கும். போய்விடும். அதைக் கழற்ற வேண்டும். அந்த மரத்தில் ஏற யாரும் வரவில்லை. எனக்கும் துணிவில்லை. உள்ளே இரண்டு உயிர்கள் பட்டினி கிடந்தன.

புதைத்த நான்காம் நாள் காலை. நல்ல வெயில். மரத்துக்கு எதிரே இலை மறைப்புக்குள் உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன். இடுக்கில் தாயின் அலகு நுனி. திறந்தது... மூடியது... திறந்தது.

டொக்... டொக்...

மேலே, மரத்தில் யாரோ விரலால் தட்டும் சத்தம்.

திரையில் ஒரு கை.

மனிதக் கை. நகமெல்லாம் ஈர மண். இடுக்குக்குள் எதையோ பொறுமையாக ஊட்டியது.

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். பொந்து தெளிவாகத் தெரிந்தது.

யாரும் இல்லை.

திரையைப் பார்த்தேன். கை இருந்தது.

"தாபின்...?"

கை நின்றது.

என் பக்கம் திரும்பியது. திரை முழுக்க உள்ளங்கை. படம் ஆடியது. கயிறு அவிழும் சத்தம்...

படம் தெளிந்தபோது பொந்து தள்ளித் தெரிந்தது.

ஒரு சாண் தள்ளி.

அன்று மதியமே ஆண் பறவை அத்திப்பழத்தோடு வந்தது.

மறுநாள் விடிந்ததும் மரத்தடி எச்சத்தைக் கிளறினேன். கொட்டைகளுக்கு நடுவே வெந்த சோற்றுப் பருக்கைகள். நேராக யாலமிடம் போனேன். கிளையைப் பற்றி, நான் கேட்ட ஒரு சாணைப் பற்றி, அந்தக் கையைப் பற்றி, சோற்றைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை.

"புதைச்ச நாள்லேருந்து அவரு குழிமேட்டுல சோறு வைக்கிறேண்ணே. தினமும் காலையில இலை காலி. நாய்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்குத்தான் அப்படியே இருக்கு. தொடவே இல்ல."