அந்த வலி இல்லை

என் மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே சிக்கிள் செல் என்கிற ரத்த நோய். அடிக்கடி கை, கால், வயிறு என்று வலி வந்துவிடும். மாத்திரை, நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம். எனக்கு எல்லாம் மனப்பாடம். புதிய டாக்டர்களுக்கு நானே நோயை விளக்குவேன். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று காலை நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

"அம்மா, இது அந்த வலி இல்லம்மா. வேற மாதிரி இருக்குது."

"எல்லாம் அதேதான் கண்ணு. மாத்திரை போட்டுட்டுப் படு."

மத்திகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன். மறுநாளும் வலி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொடும் முன்பே ஃபைலை நீட்டினேன்.

"எப்பவும் வர்ற வலிதானா?"

"ஆமாங்க சார். எங்களுக்குப் பழகிப்போச்சு."

அவரும் என்னை நம்பி குளுக்கோஸ் ஏற்றினார். மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தபோது, குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவியிருந்தது.

ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். ரத்த நோய் அப்படியேதான் இருக்கிறது. வலி இனியும் வரும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "பாப்பாவுக்கு ரெண்டு நாளா வயிறு வலிக்குதாமே?"

எனக்குத் தெரியாது. மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னா அதேதான்னு சொல்லுவ."

அதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.