பந்தியில் ஓர் ஆள் இடம்

எங்கள் வேதக்கோயிலின் மேற்குச் சன்னல் கம்பியில் ஒரு கறுப்புக் குடை தொங்கும். வளைந்த மூங்கில் பிடி, கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருக்கும். பெரியப்பாவின் குடை அது. அப்பாவுக்கு ஒரே அண்ணன் அவர். மழையோ வெயிலோ, ஞாயிற்றுக்கிழமை குடையில்லாமல் கோயிலுக்கு வரமாட்டார். கடைசி பெஞ்சில் சன்னலோரமாக உட்கார்ந்து பிரசங்கம் முழுவதையும் கேட்பார். அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை ஞாயிறானால், அப்பத்தட்டை மூடிய வெள்ளைத் துணியை ஐயர் விலக்கும் நேரத்தில் எழுந்து குடையை எடுப்பார். கம்பியில் அது உரசுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நாகப்பட்டினத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. நாங்கள் லுத்தரன்கள், போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். ஞாயிறு நற்கருணை வாங்குகிறவர்கள் சனிக்கிழமையே ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் பெயர் கொடுக்கக் கூடாது. முதலில் அந்த வீட்டுக்குப் போய் ஒப்புரவாக வேண்டும். பெயர் கொடுத்தவர்கள்தான் மறுநாள் பீடத்தின் முன் பந்தி பந்தியாக முழங்காலிடுவார்கள். அண்ணனும் தம்பியும் ஒன்பது மாதமாகப் பெயர் கொடுக்கவில்லை. பெரியப்பா குடையோடு வெளியே போவார். அப்பா வெளியேயும் போகமாட்டார், முன்னேயும் வரமாட்டார்; பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். இத்தனைக்கும் காரணம் பதினாலு வயதான நான்தான். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை. வாய்க்காலில் வந்த கொஞ்சத்தையும் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோன ஒரு மத்தியானம் அவர் வயலில் இல்லை. எங்கள் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. அன்று பெரியப்பாவின் முறை. அவர் மடையில் தண்ணீர் சலசலத்துக்கொண்டு போனது. முதல் நாள் இரவு சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவர் மடையை மண் வைத்து அடைத்து, எங்கள் மடையைக் கையாலேயே பறித்துவிட்டேன். ஒரு மணி நேரம் போதும், பிறகு வந்து மாற்றிவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஊருக்குள் கேபிள் டிவி வந்த புதிது. போகிற வழியில் எட்வின் மாமா வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தவள் உட்கார்ந்துவிட்டேன். வயல் நினைவு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அன்று அப்பா வீட்டுக்கு வந்து, "அண்ணன் மனசு வெச்சு தண்ணி விட்டிருக்காரு" என்று அம்மாவிடம் சொல்லி வாய் கொள்ளாமல் சிரித்தார். நான் பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் கை கழுவினேன்.

அடுத்த முறை வருவதற்குள் பெரியப்பாவின் நாற்று காய்ந்து சுருண்டுவிட்டது. வாய்க்கால் கரையில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். "நான் கை வைக்கலண்ணே" என்றார் அப்பா. "கை நீ வைக்கல, சரி. எனக்குத் தெரியும்டா" என்றார் பெரியப்பா. தன்னைப் பொய்யன் என்று அண்ணன் சொல்லிவிட்டதாக அப்பா எடுத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. அந்தப் பேச்சின் அர்த்தம் அன்று எனக்கும் பிடிபடவில்லை.

அந்த வருஷம்தான் நான் முதல் நற்கருணைக்குத் தயார் செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்தேன். நாங்கள் ஏழு பேர். வகுப்பை எடுத்தவர் ஐயரம்மா. மனப்பாடம் ஒப்பித்தால் அவருக்குக் கொட்டாவி வரும், மறைக்கவும் மாட்டார். பாவம், மனந்திரும்புதல், கிருபை என்று மூன்று சொற்களைப் பலகையில் எழுதிப்போட்டு, மூன்று மாதம் அவற்றையே சுற்றி வந்தார். அழுவது மனந்திரும்புதல் இல்லை என்பார். "அழுகை எனக்கும் வருது, வெங்காயம் நறுக்கும்போது. வந்த வழியே திரும்பி நடக்கிறியா, அதச் சொல்லு." எங்களில் வாயாடியான ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "கிருபை சும்மாவே கெடைக்கும்ங்கிறீங்க. ஆண்டவர்கிட்ட சொன்னாப் போதும்ல? மனுஷங்ககிட்ட வேற எதுக்கு ஐயரம்மா போய் நிக்கணும்?" ஐயரம்மா சாக்கட்டியைக் கீழே வைத்தார். "உன்னால ஒருத்தர் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிருக்காரு. நீ மட்டும் பந்தியில உக்காந்து சாப்பிடுவியா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தும் எனக்குக் காது மடல் சுட்டது.

அதற்கு முன்பு வரை நான் ஆண்டவரிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். அவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவர் பதிலுக்கு முகம் சுளிப்பதில்லை. அம்மாவிடம் போய்ச் சொல்வதும் இல்லை. வகுப்பு முடிவதற்குள் பெரியப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் அப்பாவிடம் வருவார், இருவரும் பெயர் கொடுப்பார்கள், என் முதல் பந்தியில் இருவரும் பீடத்தின் முன் முழங்காலிடுவார்கள். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று திடப்படுத்தல். அதற்கு முந்தின சனிக்கிழமை வரை தள்ளிக்கொண்டே வந்து, அன்று காலை போனேன்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரியப்பா முற்றத்தில் கோணி தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊசியைக் கோணியில் குத்திவிட்டு எழுந்தார். "வா பாப்பா. நானே குடுத்தனுப்பலாம்னு இருந்தேன்." உள்ளே போய்ப் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே வெள்ளைச் சேலை, ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கரை. திடப்படுத்தலுக்குப் பெரியப்பா சேலை எடுத்துக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். பேச்சு நின்றபோதே அதுவும் நின்றிருக்கும் என்று அம்மா வேறு சேலை வாங்கி வைத்திருந்தாள். "மாயவரத்துல எடுத்தது. கரை புடிச்சிருக்கா? உங்க பெரியம்மா நீலக்கரை எடுக்கச் சொன்னா, நாந்தான் வேணாம்னேன்." நான் தலையை ஆட்டினேன். பெரியம்மா காப்பி கொடுத்தாள். குடித்தேன். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். அவர் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். கொடுத்துவிட்ட பிறகு வாய் வரவில்லை.

மறுநாள் அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டேன். அம்மா தான் வாங்கியதை மடித்து உள்ளே வைத்தாள். அப்பா கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஏழு பேரும் முதல் பந்தியில் முழங்காலிட்டோம். ஐயர் துணியை விலக்கினார். பின்னால் குடை உரசியது. திராட்சை ரசம் தொண்டையில் புளிப்பாக இறங்கியதும், பெரியப்பாவின் செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் நடந்து தேய்ந்ததும் எனக்கு ஒரே நினைவாகத்தான் இருக்கின்றன. நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் எழுந்து போனார்.

அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். அப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் எங்காவது போய்க்கொண்டிருந்தார்கள். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அந்த ஜூன் மாதம் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் மகன் அழைத்துக்கொண்டார். வயலைக் குத்தகைக்கு விட்டார்கள். புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு நற்கருணை ஞாயிறு. ஐயர் துணியை விலக்கும் நேரத்தில் பெரியப்பா எழுந்து போனார், ஆனால் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். குடை கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் பெரியப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நேரில் திறக்காத வாய்க்குக் கடல் கடந்ததும் தைரியம் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. பெரிய பெரிய எழுத்தில் ஒரே பக்கம். "மடையில் கிடந்த காலடி சின்னது என்று அன்றைக்கே பார்த்தேன் பாப்பா. உன் அப்பன்தான் உன்னை அனுப்பினான் என்று நினைத்தேன். பிள்ளையை ஏவிவிட்டானே என்றுதான் என் கோபம். உன் பெயர் ஊர் வாயில் விழக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. அவனைத் தப்பாக நினைத்துவிட்டேன். கிறிஸ்மஸுக்கு வருகிறேன். சனிக்கிழமை நீயே போய் எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் கொடு. குடை அங்கேயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன்."

ஆக, அந்தச் சேலையைக் கொடுத்தபோதே அவருக்குத் தெரியும். வெள்ளிக் கரை பார்த்து எடுத்தது தன் நாற்றைக் காய வைத்தவளுக்குத்தான் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார். பலகையில் ஐயரம்மா மூன்றாவதாக எழுதிய கிருபை, அந்தச் சேலையாக என் பெட்டிக்குள் மடிந்து கிடந்திருக்கிறது. கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். அடிப்பார் என்று நின்றேன். "முந்தியே சொல்லியிருக்கலாமேடி" என்றார், அவ்வளவுதான். பிறகு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அண்ணன் வந்தால் படுக்கப் போடும் கட்டிலைத் தட்டிச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் எஸ்டிடி பூத்துக்காரர் சைக்கிளில் வந்து அப்பாவைக் கூப்பிட்டார். சிங்கப்பூரிலிருந்து போன். பெரியப்பாவுக்கு மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போய்ப் பார்க்க எங்களிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. அந்தக் கிறிஸ்மஸுக்கு, பெரியப்பா எழுதியிருந்தபடியே அப்பா என்னை அனுப்பினார். "ரெண்டு பேருக்கும் குடுத்துட்டு வா." உபதேசியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு பெயரையும் அடுத்தடுத்து எழுதினார்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். கிருபை சும்மா கிடைக்கும்போது மனுஷரிடம் போய் மன்னிப்புக் கேட்பது எதற்கு என்று வருஷம் தவறாமல் ஒரு பிள்ளை கேட்கிறது. ஐயரம்மாவின் பதிலைத்தான் சொல்கிறேன். குடையைப் பற்றி மட்டும் சொல்ல வருவதில்லை. அன்று காலை அந்த முற்றத்தில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். மன்னிப்பு எனக்குக் கிடைத்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நற்கருணை ஞாயிறு. அப்பாவுக்கு முழங்கால் இப்போது எளிதில் மடங்குவதில்லை. நான் வலது பக்கம் பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் அவர் முழங்காலிடுவார், அந்தக் கிறிஸ்மஸ் தொடங்கி இன்றுவரை. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்து குனிந்தார். அப்பா தலையைத் திருப்பி, பஸ்ஸில் சீட்டுப் பிடித்துவைத்தவர் சொல்வதுபோல, "அங்க ஆள் இருக்கு தம்பி" என்றார். இளைஞர் ஒன்றும் புரியாமல் தள்ளிப் போய் முழங்காலிட்டார்.

ஆராதனை முடிந்தபோது வெளியே நல்ல மழை. எல்லோரும் தங்கள் தங்கள் குடையை எடுத்துக்கொண்டார்கள். மேற்குச் சன்னல் கம்பியில் பெரியப்பாவின் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா இதுவரை இரண்டு முறை அதற்குத் துணி மாற்றியிருக்கிறார். அதன் கம்பி துருப்பிடிக்காமல் எண்ணெய் போடுகிறார். விரித்தால் இருவர் தாராளமாகப் போகலாம். நாங்கள் அதைத் தொடவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.