ரத்த உறவு

அப்பா இறந்தது கொரோனாவில் இல்லை, மாரடைப்பில். ஊரடங்கு நாட்களில் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அழவில்லை. "எந்தம்பி கோடி எடுத்துக்கிட்டு வந்துருவான்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடியை, அதாவது புதுச்சேலையை, கூடப்பிறந்தவன் போர்த்த வேண்டும். அதன் பிறகே உடலை எடுப்பது எங்கள் வழக்கம். மாமா உடையார்பாளையத்தில், நாங்கள் பெரம்பலூரில். ஒரு காலத்தில் எல்லாம் ஒரே மாவட்டம். இப்போது நடுவில் ஓர் எல்லை, எல்லையில் போலீஸ் தடுப்பு.

அங்கிருந்துதான் மாமா போன் செய்தார். "மாப்ள, பாஸ் இருந்தும் வுட மாட்டேங்கறாங்க. நீ வக்கீலாச்சே, பேசு." போனை எஸ்.ஐ.யிடம் கொடுத்தார்.

"எறந்தவரு இவருக்கு யாரு சார்?"

"அக்கா வீட்டுக்காரர்."

"அப்ப மச்சான் மொறைதானே. ரத்த உறவுன்னாதான் சார் வுட முடியும்."

வரப்புத் தகராறும் செக் கேஸும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அன்று அரசியல் சாசனத்தின் இருபத்தோராவது பிரிவைத் தொண்டை கிழியப் பேசினேன். உயிர், தனிமனித சுதந்திரம், சட்டத்தில் இல்லாததைச் சொல்லி யாரையும் தடுக்க முடியாது என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"நீங்க சொல்றது சரிங்க சார். மேல இருந்து ஆர்டர்."

ஆர்டரை வாட்ஸப்பில் வாங்கிப் படித்தேன். 'நெருங்கிய உறவினர்' என்றுதான் இருந்தது. ரத்தம் என்ற சொல்லே இல்லை. மேலிருந்து கீழே வரும் வழியில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டும். ரோட்டில் சேர்க்க ஒரு தடுப்பு போதும். திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக எஸ்.ஐ. சொன்னார். கேட்டாரோ என்னவோ, மதியம் ஆகிவிட்டது.

அதே தடுப்பை அரியலூர் சிமெண்ட் லாரிகள் தாண்டிக்கொண்டிருந்தன. சரக்குக்குத் தடையில்லை. கடைசியில் மாமா ஒரு டிரைவரிடம் சேலையைக் கொடுத்தனுப்பினார். எங்கள் வாசலில் அமரர் ஊர்தி காத்திருக்க, அந்த டிரைவர் எட்ட நின்று மஞ்சள் பையை நீட்டினார். பையெல்லாம் சிமெண்ட் தூசி.

யார் போர்த்துவது? மகன் போர்த்தக் கூடாது. அம்மா சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்டரில் அப்படி இல்லை, ரத்த உறவு என்பது போலீஸ்காரர்களாகச் சொன்னது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்தவருக்கு அவன் யாருன்னு கேட்டிருக்காங்க. கோடி எனக்குத்தானடா எடுத்துக்கிட்டு வந்தான். எனக்கு அவன் யாருன்னு ஒருத்தருமா கேக்கல?"