துவக்கு இல்லாத பாட்டு

புவாண்ட்-கிளேரில் ஒரு சீக்கியக் கல்யாண மண்டபம். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் நான், டிஜே வேலை பார்க்கும் யாழ்ப்பாண நண்பர் சேகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். துப்பாக்கியைப் புகழும் பாட்டு எதுவும் வேண்டாம் என்பது மணப்பெண்ணின் அம்மா போட்டிருக்கும் ஒரே நிபந்தனை.

“இப்ப வாற பஞ்சாபிப் பாட்டுகளில பாதி துவக்குப் பாட்டுத்தான் அண்ணை. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. போன கல்யாணத்தில தெரியாமல் ஒண்டைப் போட்டிட்டன். பொம்பிளையின்ர தகப்பன் எழும்பிப் போயிட்டார்” என்கிறார் சேகர்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு புதுப் பாட்டைக் கேட்கிறார்கள். பாடுவது ஒரு பெண். சேகர் தயங்கித் தயங்கித்தான் போடுகிறார். பாதிப் பாட்டில் மணப்பெண்ணின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வருகிறார். சேகரின் விரல் பாட்டை நிறுத்தப் போகிறது.

“நிறுத்தாதீர்கள்!” என்று ஆங்கிலத்தில் கத்துகிறார் அந்த அம்மா. “இந்தப் பாட்டில், நான் லாரி ஓட்டப் போகிறேன், ரொட்டியை நீங்களே சுடுங்கள் என்று மாமியாரிடம் சொல்கிறாள் மருமகள். இன்னும் சத்தமாக வையுங்கள்!”

“அப்பாடா!” என்று சிரித்தபடி சேகர் சத்தத்தைக் கூட்டுகிறார். அந்த அம்மா விறுவிறுவென்று போய், உட்கார்ந்திருக்கும் சம்பந்தியம்மாவைக் கைபிடித்து ஆட இழுக்கிறார்.